எங்கள் தெருவில் என்ன இருக்கிறது?

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு சிறு புகைப்படக் கண்காட்சி வைப்பதென்று தீர்மானமாயிற்று. 'நம் ஊர்' என்பது தலைப்பு. பிள்ளைகள் ஆளுக்கொரு படம் எடுத்துக்கொண்டு வரவேண்டும் என்று ஏற்பாடு. காமிரா இல்லையே என்ற கவலை இந்தக் காலத்தில் கிடையாது. அப்பாவிடமோ அக்காவிடமோ ஒரு செல்போன் இருக்கிறது. அதற்குள் காமிராவும் இருக்கிறது. ஆகையால் உற்சாகத்துக்குக் குறைவில்லை. ஒரு வாரத்துக்குள் மேஜை நிறையப் படங்கள் வந்து குவிந்தன.

படங்களைப் பரப்பிப் பார்த்தோம். மெரீனாக் கடற்கரை 18. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் 11. விமான நிலையம், சென்ட்ரல் ஸ்டேஷன், பெரிய பெரிய கடைகள். ஊட்டி ரோஜாத் தோட்டம்கூட ஒன்று இருந்தது! எங்கள் பள்ளிக்கூடம் இருப்பதோ திருவொற்றியூரில். பிள்ளைகள் வருவது காசிமேட்டிலிருந்தும் தண்டையார்ப்பேட்டையிலிருந்தும் எண்ணூரிலிருந்தும். அந்த இடங்களில் ஒன்றாவது அந்த மேஜையின்மீது இல்லை.

ஒரு பையன் மட்டும் ஒன்றும் கொண்டுவரவில்லை. கடலோரத்துக் குப்பத்துப் பிள்ளை, ஒன்பதாம் வகுப்பு. காரணம் கேட்டோம். "எங்க தெருவுல படம் எடுக்க இன்னா சார் இருக்குது?" என்றான்.

சிரித்துவிட்டோம். பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. ஏனென்றால், இதை எழுதும் சரித்திர உபாத்தியாயரும், கூடவே இருந்த சித்திர உபாத்தியாயரும் இருபது வருஷமாக இந்த வழியாகத்தான் மின்சார ரயிலில் வந்து போகிறோம். எங்கள் இருவர் செல்போன்களையும் திறந்து பார்த்தோம். கொடைக்கானல் ஏரி இருந்தது; குற்றாலத்து அருவி இருந்தது; உறவினர் வீட்டுக் கல்யாணங்கள் அனைத்தும் இருந்தன. திருவொற்றியூர் இல்லை. பையன் வாயால் சொன்னதை நாங்கள் இருபது வருஷமாகச் செய்கையால் சொல்லிக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

"அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் புறப்படுவோம்" என்றார் சித்திர உபாத்தியாயர். "ராயபுரத்திலே ஆரம்பித்து எண்ணூரிலே முடிப்போம். ஏதாவது இருக்கிறதா, இல்லையா என்று பார்த்துவிடலாம்."

* * *

புறப்படுவதற்கு முன் கொஞ்சம் சரித்திரம் சொல்ல நேயர்கள் அனுமதிக்க வேண்டும். வாத்தியார் தொழில் விட்டுப் போகாது.

புகைப்படக் கலை நம் பட்டணத்துக்குப் புதிதல்ல. 1857-ஆம் ஆண்டிலேயே சென்னையில் ஒரு போட்டோகிராபிக் சங்கம் ஏற்பட்டுவிட்டது. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராயிருந்த லினேயஸ் டிரைப் என்னும் ராணுவ அதிகாரி 1858-ல் தஞ்சைக்கும் மதுரைக்கும் போய், கோபுரங்களையும் மண்டபங்களையும் அற்புதமாகப் படம் பிடித்தார். அன்று தொடங்கிய பழக்கம் இன்றும் நம்மை விடவில்லை. படம் என்றால் கோபுரம் வேண்டும், மாளிகை வேண்டும், மலையாவது அருவியாவது வேண்டும் என்று நினைக்கிறோம். நாம் குடியிருக்கிற தெருவுக்கு அந்தத் தகுதி உண்டு என்று தோன்றுவதேயில்லை.

பாரிஸ் நகரத்தில் யூஜேன் ஆட்ஜே என்று ஒருவர் இருந்தார். நாடக நடிகராயிருந்து, அதில் நிலைக்காமல், புகைப்படத்துக்கு வந்தவர். பாரமான மரக் காமிராவைத் தூக்கிக்கொண்டு, விடியற்காலையில், ஜன நடமாட்டம் இல்லாத சந்துகளில் அலைவார். கடை ஜன்னல், மாடிப்படி, பழைய வீட்டு வாயில், தெருவில் சாமான் விற்பவர்கள், கந்தல் பொறுக்குவோர் - இவைதான் அவர் எடுத்தவை. தம் வீட்டு வாசலில் 'சித்திரக்காரர்களுக்கு உதவும் ஆவணங்கள்' என்று பலகை மாட்டியிருந்தாராம். தம்மைப் பெரிய கலைஞர் என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. 1927-ல் அவர் காலமான பிறகு, அமெரிக்கப் பெண்மணி பெரெனிஸ் ஆபட் அந்தப் படங்களைக் காப்பாற்றினார். அவர் படம் எடுத்த தெருக்கள் பல பிற்பாடு இடிக்கப்பட்டுவிட்டன. பழைய பாரிஸ் எப்படியிருந்தது என்று அறிய விரும்புகிறவர்கள் இன்று அவருடைய படங்களைத்தான் தேடிப் போகிறார்கள்.

இந்தக் கதையை ரயிலில் பையனுக்குச் சொன்னோம். கவனமாகக் கேட்டுவிட்டு, "அந்த ஊரு பாரிஸ் சார்" என்றான். அதற்கு மேல் எங்களால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

* * *

ராயபுரம் ஸ்டேஷனில் இறங்கியபோது இன்னும் நன்றாக விடியவில்லை. தென்னிந்தியாவின் முதல் பிரயாணி ரயில், 1856-ஆம் வருஷம் ஜூலை மாதம் முதல் தேதி, இங்கேயிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பிற்று. உயர்ந்த தூண்கள் கொண்ட அந்தப் பழைய கட்டடம் இன்றும் நிற்கிறது. நாட்டில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய ஸ்டேஷன் கட்டடம் இதுவே என்பார்கள். காமிரா இருக்கிறவர்கள் ராயபுரத்துக்கு வந்தால் முதலில் எடுப்பது இந்தத் தூண்களைத்தான்.

நாங்களும் செல்போனைத் தூக்கினோம். சித்திர உபாத்தியாயர் தடுத்தார். "இந்தப் படம் ஏற்கெனவே ஆயிரம் பேரிடம் இருக்கிறது. கட்டடத்துக்கு முதுகைக் காட்டுங்கள். அது எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ, அதை நாமும் பார்ப்போம்" என்றார்.

திரும்பினோம். இரவு வேலை முடிந்த தொழிலாளி ஒருவர் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். சட்டை தோளில் இருந்தது. சாப்பாட்டு டப்பா தரையில் இருந்தது. விளக்கு வெளிச்சம் அவருடைய ஈரமான முதுகில் பட்டு மின்னிற்று. சற்றுத் தள்ளி ஓர் அம்மாள் மல்லிகைச் சரத்தை முழம் போட்டுக்கொண்டிருந்தாள். டீக்கடையில் பால் பொங்கி ஆவி மேலே எழுந்தது. அந்த ஆவிக்குள் கடைக்காரரின் முகம் மறைவதும் தெரிவதுமாயிருந்தது. அவரைக் கேட்டுக்கொண்டு ஒரு படம் எடுத்தோம். ஐந்து நிமிஷத்துக்கு முன் இவையெல்லாம் எங்கள் கண்ணில் படவேயில்லை.

ராயபுரத்தில் சரித்திரத்துக்குக் குறைவில்லை. கிறிஸ்தவர்கள் பேதுரு அப்போஸ்தலரை ராயப்பர் என்பார்கள். படகோட்டிச் சமூகத்தார் எழுப்பிய அவருடைய கோயிலால்தான் ஊருக்கு இந்தப் பெயர். அராத்தூன் ரோட்டில் பார்ஸிகளின் அக்கினிக் கோயில் 1910 முதல் இருக்கிறது. ராபின்சன் பார்க்கில் 1949 செப்டம்பரில் மழைக்கு நடுவே நடந்த கூட்டத்தில்தான் ஒரு பெரிய அரசியல் கட்சி பிறந்தது. ஆனால் அன்று நாங்கள் தேடிப் போனது சரித்திரப் புஸ்தகத்தில் ஏறாததை.

* * *

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தை ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் பார்க்காதவர்களுக்கு அதை விவரிப்பது சிரமம். விசைப்படகுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. ஐஸ் கட்டிகளை உடைக்கும் சத்தம், ஏலம் கூறுவோரின் குரல், மீன்பாடி வண்டிகளின் இரைச்சல், தலையில் கூடையுடன் "வழி, வழி!" என்று ஓடுகிறவர்கள். வஞ்சிரமும் வவ்வாலும் சங்கராவும் நெத்திலியும் குவியல் குவியலாகக் கிடக்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் இந்த விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மற்ற நாட்களில் இந்த ஆரவாரந்தான்.

சூரியன் கடலிலிருந்து எழுந்தான். அப்போது சித்திர உபாத்தியாயர் முதல் பாடத்தைச் சொன்னார்: "இந்தக் கரையில் காலை வெளிச்சம் கிழக்கே கடல் பக்கத்திலிருந்து வருகிறது. கடலைப் பார்த்து நிற்பவர் முகம் பொன்னாயிருக்கும். கடலுக்கு முதுகு காட்டுகிறவர் கறுப்பு உருவமாகத் தெரிவார். எது வேண்டும் என்று முதலில் முடிவு செய். பிறகு நீ நிற்கும் இடத்தை மாற்றிக்கொள். அவர்களை நகரச் சொல்லாதே."

பையன் சட்டென்று பிடித்துக்கொண்டான். நாங்கள்தான் தவறு செய்தோம்.

மீன் விற்கும் அம்மாள் ஒருத்தி. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அலுமினியக் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒரு வாடிக்கைக்காரருடன் விலை பேசிக் கூச்சலிட்டுக்கொண்டிருந்தாள். தலைமயிர் அவிழ்ந்திருந்தது; வாய் திறந்திருந்தது; கையிலே ஒரு பெரிய மீன். 'ஆகா, என்ன ஜீவன்!' என்று எண்ணி, தூரத்திலிருந்தே ஒரு படம் எடுத்துவிட்டோம். அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா சார், என்னையா போட்டோ புடிச்சே?"

"ஆமாம் அம்மா."

"எங்கே, காட்டு."

காட்டினோம். உற்றுப் பார்த்தாள். கோபித்துக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நிதானமாகக் கேட்டாள்:

"உங்க வூட்டு அம்மாவை இப்பிடிப் புடிச்சு நாலு பேருக்குக் காட்டுவியா சார்?"

எங்களுக்கு நா எழவில்லை. "அழிச்சிடுங்க சார்" என்று பையன் காதோடு சொன்னான். அவள் கண்ணெதிரிலேயே அழித்தோம்.

நியாயமாகப் பார்த்தால் அவளுடைய கேள்வி எங்கள் இருவரையும் மாத்திரம் சேர்ந்ததல்ல. வட சென்னை என்றாலே பார்க்கிறவர்கள் மனத்தில் ஒரு படம் ஏற்கெனவே தயாராயிருக்கிறது. சினிமாவும் செய்தித்தாளும் சேர்ந்து எழுதிக்கொடுத்த படம் அது: அரிவாள், ரத்தம், சாக்கடை, கூச்சல். காமிராவுடன் வருகிறவர்கள் பலர் அந்தப் படத்துக்கு ஒத்த முகத்தைத்தான் தேடுகிறார்கள்; கிடைத்ததும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். முகத்துக்கு உரியவள் அதைப் பார்ப்பதேயில்லை. நாங்கள் இந்த வட்டாரத்திலேயே சோறு தின்கிறவர்கள். நாங்களும் அதையேதான் செய்தோம்.

எழுந்து போகப் பார்த்தோம். "இரு சார்" என்றாள் அவள். வாளித் தண்ணீரில் கையைக் கழுவினாள், முகத்தைத் துடைத்தாள், கூந்தலை முடிந்துகொண்டாள். இருந்ததிலேயே பெரிய வஞ்சிரத்தை எடுத்துக் கூடையின் முன்பக்கத்தில் வைத்தாள். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டு, "இப்போ புடி" என்றாள்.

பையன்தான் அந்தப் படத்தை எடுத்தான். அவள் உட்கார்ந்திருந்த உயரத்துக்குத் தானும் மண்டியிட்டு, இரண்டு முழ தூரத்தில் இருந்து எடுத்தான்.

தெருப் புகைப்படக்காரர்களில் பலர், கேட்டு எடுத்த படத்தை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கேட்டால் இயல்பு போய்விடும் என்பது அவர்கள் கட்சி. அதிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அன்று நாங்கள் ஒரு வழி கண்டுகொண்டோம். முதலில் கேட்பது, அவர்கள் விரும்புகிறபடி ஒரு படம் எடுத்துக் காட்டுவது, அதற்குப் பிறகு அங்கேயே அரைமணி நேரம் இருப்பது. அரைமணிக்குப் பிறகு அவர்கள் நம்மை மறந்து தங்கள் வேலையில் இறங்கிவிடுகிறார்கள். இயல்பும் திரும்பி வந்துவிடுகிறது. செல்போன் காமிராவில் தூரத்துப் பொருள் துல்லியமாக விழுவதில்லை; கிட்டப் போயே ஆகவேண்டும். கிட்டப் போனால் பேசியே ஆகவேண்டும். இதைக் குறையென்று முன்பு நினைத்திருந்தோம். அன்றிலிருந்து அப்படி நினைக்கவில்லை.

* * *

காசிமேட்டிலிருந்து வடக்கே போகும் சாலையில் ஒரு பக்கம் கண்டெய்னர் லாரிகளின் வரிசை. மறுபக்கம் கருங்கல் சுவர். சுவருக்கு அப்பால் கடல். துறைமுகத்துக்குள் படம் எடுக்க அனுமதி வேண்டும்; ஆகையால் அந்தப் பக்கம் நாங்கள் காமிராவைத் திருப்பவில்லை. லாரி நிழலில் பாய் விரித்துத் தூங்கும் டிரைவர்கள், சக்கரத்துக்கு அருகே ஸ்டவ் வைத்துச் சமைக்கும் ஒருவர், கல்லின்மேல் உலரும் வலைகள் என்று பார்த்துக்கொண்டு நடந்தோம்.

ஓரிடத்தில் பையன் நின்றான். கடலைச் சுட்டிக் காட்டினான்.

"அங்கே மூணாவது அலை உடையுது பாருங்க சார், அங்கதான் எங்க ஆயா வூடு இருந்துச்சாம்."

நாங்கள் பார்த்தோம். தண்ணீர்தான் இருந்தது.

இது எப்படி நேர்ந்தது என்பது சரித்திர உபாத்தியாயருக்குத் தெரிந்த விஷயமே. பாடமாகப் பலமுறை நடத்தியிருக்கிறோம். சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. பழைய காலத்தில் கப்பல்கள் ஆழ்கடலில் நிற்கும். மசூலாப் படகுகள் அலையைத் தாண்டிப் போய்ச் சாமானையும் மனிதரையும் கரை சேர்க்கும். 1870-களில் கடலுக்குள் கல் சுவர் எழுப்பித் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். 1881 நவம்பரில் அடித்த புயல் அந்தச் சுவர்களைச் சிதைத்தது, மறுபடி கட்டினார்கள். இந்தக் கரையில் மணல் வருஷம் முழுவதையும் கணக்கிட்டால் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. நடுவில் துறைமுகச் சுவர் வந்ததும், மணல் தெற்கே தேங்கிற்று. அப்படித் தேங்கிய மணல்தான் இன்று உலகமெல்லாம் புகழும் மெரீனாவின் அகலம். வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை. அலை மட்டும் வந்தது. ராயபுரம் முதல் வடக்கே கரை அரிக்கப்பட்டது. குப்பங்களில் தெருத் தெருவாகக் கடலுக்குள் போயின. பிறகு கருங்கல் கொட்டிக் கரையைக் காத்தார்கள்.

பிள்ளைகள் கொண்டுவந்த 18 மெரீனாப் படங்களும் எங்கள் ஞாபகத்துக்கு வந்தன. மெரீனாவுக்குப் படம் உண்டு. அந்த மணலுக்கு விலையாகப் போன தெருவுக்கு?

"பழைய வீட்டுக்குப் போட்டோ ஒன்றும் இல்லையா?" என்று கேட்டோம்.

"கல்யாண போட்டோ ஒண்ணு இருக்குது சார். ஸ்டுடியோவுல எடுத்தது. பின்னாடி தாஜ்மகால் திரை" என்றான் பையன்.

வீட்டுக்குப் படம் இல்லை. தெருவுக்குப் படம் இல்லை. ஆயாவுக்குப் பின்னால் தாஜ்மகால் இருக்கிறது! அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. 'எங்கள் தெருவில் என்ன இருக்கிறது?' என்றுதான் அவர்களும் எண்ணியிருப்பார்கள்.

* * *

வெயில் ஏறும்போது திருவொற்றியூர் வந்து சேர்ந்தோம். தியாகராஜ சுவாமியும் வடிவுடையம்மனும் எழுந்தருளியுள்ள ஸ்தலம். மூலவராகிய ஆதிபுரீசுவரர் வருஷம் முழுவதும் கவசத்துக்குள் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் நீங்கிய திருமேனியைத் தரிசிக்கலாம். பட்டினத்தாரின் சமாதியும் கடலோரத்தில் இருக்கிறது.

இந்த ஊரைப் பற்றிப் பெரிய புராணம் சொல்லும் வரலாறு நேயர்கள் அறிந்ததே. சுந்தரர் இங்கே சங்கிலி நாச்சியாரை மணந்தார். 'உன்னைப் பிரியேன்' என்று மகிழ மரத்தடியில் சபதம் செய்தார். வசந்தம் வந்ததும் திருவாரூர் நினைவு வந்துவிட்டது. புறப்பட்டார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரு கண்களும் ஒளி இழந்தன. காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மறு கண்ணும் பெற்றார் என்பது கதை. ஊரை விட்டுப் போனதால் அவருக்குப் பார்வை போயிற்று. நாங்களோ தினமும் இந்த ஊருக்குள் வந்து போய்க்கொண்டே பார்க்காமல் இருந்திருக்கிறோம்.

உச்சி வெயிலில் படம் எடுக்கக் கூடாது என்பார்கள். முகத்தில் நிழல் கட்டிவிடும் என்பது வாஸ்தவம். ஆனால் சித்திர உபாத்தியாயர் சும்மா இருக்கவில்லை. "வெள்ளைச் சுவருக்கு எதிரே இருக்கிற திண்ணையைத் தேடுங்கள். சுவரில் பட்ட வெயில் திரும்பி வந்து முகத்தில் மெதுவாக விழும்" என்றார். அப்படியே ஒரு தையற்கடையில் கிடைத்தது. இரண்டாவது பாடமும் அங்கேதான்: "ஆளைத் துரத்தாதே. முதலில் சுவரைத் தேடு. நல்ல சுவர் கிடைத்தால் அதன் எதிரே காத்திரு. ஆள் தானாக வருவான்."

நீலச் சாயம் உரிந்த ஒரு சுவருக்கு எதிரே இருபது நிமிஷம் காத்திருந்தோம். சைக்கிளில் ஐஸ் பெட்டி போயிற்று. இரண்டு பெண்கள் குடங்களுடன் போனார்கள். ஓர் ஆடு போயிற்று. கடைசியில், கோயில் வாசலில் விற்கிற பலூன்காரர் வந்தார். கம்பு முழுவதும் பலூன்கள். முகம் தெரியவில்லை, பலூன்களுக்கு அடியில் இரண்டு கால்கள் மட்டும் நடந்து வந்தன. பையன் எடுத்துவிட்டுத் துள்ளினான். அவரைக் கூப்பிட்டுக் காட்டினோம், அவரும் சிரித்தார்.

பலூனைக் கண்டதும் சரித்திரம் மறுபடியும் தலை நீட்டிற்று. 1946-ல் மாம்மன் மாப்பிள்ளை என்னும் இளைஞர் இதே திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கினார். அதுவே பிற்பாடு எம்.ஆர்.எப். டயர் கம்பெனியாக வளர்ந்தது. என்பீல்டு மோட்டார் சைக்கிள்களும் 1950-களில் இந்த ஊரில்தான் உருவாகத் தொடங்கின. இந்தியச் சாலைகளில் உருண்ட எத்தனையோ சக்கரங்கள் இந்தக் கரையில் பிறந்தவை. அவற்றைச் செய்த கைகளின் படத்தைத் தேடினால் எளிதில் கிடைக்காது.

* * *

எண்ணூர் முகத்துவாரத்தில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கொசஸ்தலை ஆறும் பக்கிங்ஹாம் கால்வாயும் கடலைச் சேருமிடம். 1970-ல் ஓடத் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017 மார்ச்சில் நின்றுவிட்டது. வடக்கே வேறு மின் நிலையங்களின் புகைபோக்கிகள் வானத்தில் நிற்கின்றன. தண்ணீரில் கலந்த சாம்பலால் கழியின் அடி மேடிட்டுவிட்டதென்று மீன் பிடிப்பவர்கள் சொல்கிறார்கள்.

இந்த இடத்துக்குக் காமிராக்கள் வராமல் இல்லை. 2017 ஜனவரி 28-ஆம் தேதி, காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது வந்தன. மனிதர்கள் வாளியால் எண்ணெயை அள்ளிய படங்களை உலகம் பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் இந்தக் கழிக்குள் புகுந்து படகும் வலையும் கறுத்தபோது மறுபடியும் வந்தன. வந்தது நல்லதே, அந்தப் படங்கள் இல்லாவிட்டால் பலர் நம்பியிருக்க மாட்டார்கள். ஆனால் எண்ணெய் விலகியதும் காமிராக்களும் விலகின. மற்ற நாட்களில் இங்கே மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை எடுக்க ஆளில்லை.

இல்லை என்று முழுவதும் சொல்லிவிட முடியாது. மதுரையைச் சேர்ந்த எம். பழனி குமார் என்ற புகைப்படக்காரர் இருக்கிறார். 2017-ல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். கிராமப்புற இந்தியாவைப் பதிவு செய்யும் 'பாரி' இணையப் பத்திரிகையில் பணியாற்றுகிறவர். தயானிதா சிங் பெயரால் அந்தப் பத்திரிகை அளிக்கும் ஆவணப் புகைப்பட விருது 2022-ல் முதல் முதலாக அவருக்கே கிடைத்தது. இந்த எண்ணூர்ப் பகுதியில், இடுப்பளவு தண்ணீரில் அமிழ்ந்து, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையாலேயே இறால் துழாவிப் பிடிக்கும் இருளர் சமூகத்துப் பெண்களை அவர் படம் எடுத்து எழுதியிருக்கிறார். அந்தப் படங்களில் பரிதாபத்தைக் காட்டிலும் பெரிதாகத் தெரிவது அவர்களுடைய தொழில் திறமை.

அதைவிட முக்கியமாக எங்களுக்குப் படுவது வேறொன்று. வியாசர்பாடியில் மாலை வகுப்புக்கு வரும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் கையில் அவர் காமிராவைக் கொடுத்து, அதைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பிள்ளைகள் எடுத்தவை தங்கள் வீடுகளை; தங்கள் தாய் தகப்பனின் வேலையை. வெளியிலிருந்து வருகிறவர் எத்தனை நல்லவரானாலும் மாலையில் ரயிலேறிப் போய்விடுவார். வீட்டுப் பிள்ளைக்குத்தான் அம்மா எப்போது அலுத்துக்கொள்வாள், எப்போது சிரிப்பாள் என்று தெரியும்; எதைப் பிறருக்குக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்றும் தெரியும்.

இதைப் பையனிடம் சொன்னோம். அவன் பதில் சொல்லவில்லை. முகத்துவாரத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்களிடம் போய், "மாமா, ஒரு போட்டோ புடிச்சிக்கட்டா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

* * *

இரண்டு வாரம் கழித்துக் காசிமேட்டுக்குப் போய், அந்த அம்மாளிடம் அவள் படத்தின் பிரதியைக் கொடுத்தோம். கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பக்கத்துக் கடைக்காரிக்குக் காட்டினாள். "நான் பூட்டா மாலை போட ஒரு நல்ல போட்டோ இல்லையேன்னு நெனைச்சிக்கினு இருந்தேன். இப்போ ஆச்சு" என்று சொல்லிச் சிரித்தாள். நாங்களும் சிரிக்க முயன்றோம். கிளம்பும்போது ஒரு பொட்டலம் நெத்திலியைக் கையில் திணித்துவிட்டாள். காசு வாங்கவே மாட்டேன் என்றுவிட்டாள்.

கண்காட்சியில் பலூன்காரர் படத்துக்குத்தான் கூட்டம். பையன் இன்னொரு படமும் மாட்டியிருந்தான். அதை எங்களுக்குத் தெரியாமல் தனியாகப் போய் எடுத்திருக்கிறான். கருங்கல் சுவர்மேல் அவனுடைய ஆயா நிற்கிறாள். கை கடலை நோக்கி நீண்டிருக்கிறது. எதிரே அலை உடைகிறது. அதற்குமேல் ஒன்றுமில்லை. கண்காட்சிக்கு வந்த பெரிய மனிதர்கள் அதைப் பார்த்தும் பார்க்காமலும் நகர்ந்துவிட்டார்கள்.

மாலையில் குப்பத்திலிருந்து பெற்றோர்கள் வந்தார்கள். வயதான ஒருவர் அந்தப் படத்தின் எதிரே நின்றார். பிறகு இன்னொருவர். படத்திலிருந்த தண்ணீரின்மேல் விரலை வைத்து, "இங்கே நம்ம கோயில், இதுக்குப் பின்னாலே கெணறு, இந்தாண்ட உங்க தாத்தா வூடு" என்று ஒருவர் சொல்ல, "இல்லை, கெணறு தெக்காலே" என்று மற்றவர் மறுக்க, ஒரு பெரிய விவாதமே எழுந்துவிட்டது. சித்திர உபாத்தியாயர் ஓடிப்போய் ஒரு பெரிய காகிதமும் பென்சிலும் கொண்டுவந்தார். அவர்கள் சொல்லச் சொல்லத் தெருவை வரையத் தொடங்கினார். பள்ளிக்கூடத்தை மூட வாட்ச்மேன் மூன்று முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பையன் படத்தின் அடியில் தன் கையெழுத்தில் ஒட்டியிருந்த சீட்டில் இரண்டே வார்த்தைகள் இருந்தன: 'எங்கள் தெரு.'